ஒரு பெயர், நான்கு மன்னர்: ஆங்கில வெள்ளிக் காசின் கதை

மலாயாத் தமிழர் பணத்தை ‘வெள்ளி’ என்று சொல்லிப் பழகியவர்கள். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று நாம் வாயால் சொல்லிக் கையால் கொடுப்பது அச்சடித்த தாளைத்தான். வெள்ளி என்னும் உலோகம் அதில் ஒரு குன்றிமணி எடையும் கிடையாது. ஆயினும் அச்சொல் பொய்யன்று. 1903ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று அடிக்கப்பட்ட டாலர் மெய்யாகவே வெள்ளிக் காசுதான். 1906இல் அந்த டாலருக்கு ஸ்டெர்லிங் கணக்கில் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று விலை கட்டினார்கள். உலோகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லின் கதையும் இதுவே. அதுவும் முதலில் ஒரு வெள்ளிக் காசின் பெயர்தான். இடைக்கால இங்கிலாந்தின் பென்னிக்கு ஐரோப்பாவெங்கும் வழங்கிய பெயர் அது. அக்காசுகள் 240 சேர்ந்தால் ஒரு பவுண்டு வெள்ளி எடை. அதனால்தான் பண்டைய ஆங்கிலக் கணக்கில் பவுண்டுக்கு 240 பென்ஸ் என்று 1971ஆம் ஆண்டு வரையில் வைத்திருந்தார்கள். நம் தோட்டத்துக் கிராணிமார் சிலர் இலண்டன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகையில் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு மூலகாரணம் இந்தச் சின்னஞ்சிறு காசுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பென்னியே இன்றும் இங்கிலாந்தின் வயல்களிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டிருக்கிறது. உலோகங் காட்டும் கருவியைக் கையிற் பிடித்துக்கொண்டு, காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, அறுவடை முடிந்து உழுது போட்ட நிலத்தில் மணிக்கணக்கில் நடப்பது அந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. பெரும்பாலும் கிடைப்பவை துருப்பிடித்த ஆணியும், பொத்தானும், தகர மூடியுமே. எப்பொழுதேனும் ஒரு நாள் ஒரு விரற்கடை ஆழத்தில் ஒரு மெல்லிய வட்டத்தகடு தலைகாட்டும். அகலத்தில் அது நம் பத்துக் காசு நாணயத்தளவே இருக்கும். எடையில் அதில் பாதிகூட இராது. ஒரு பக்கத்தில் முடிசூடிய முகம், மறு பக்கத்தில் சிலுவை. தேய்ந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் ‘ஹென்ரிகஸ் ரெக்ஸ்’ என்று வரும். ‘ஹென்றி மன்னன்’ என்பது அதன் பொருள்.

கண்டெடுத்தவர் மகிழ்ந்து போவார். ஹென்றியின் காசு! ஆனால் எந்த ஹென்றி? காசு நூல் வல்லோரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அலைக்கழித்த கேள்வி இது. விடை கண்ட வரலாறு சுவையானது.

எந்த ஹென்றி?

1180ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் நாட்டின் காசை முற்றிலும் மாற்றினான். அதற்குமுன் 1158 முதல் அவன் வெளியிட்ட காசுகள் வெள்ளியில் குறையில்லாதவை. ஆனால் அச்சடித்த முறையோ பரிதாபம். முகம் பாதி விழுந்திருக்கும், எழுத்து பாதி வெளியே போயிருக்கும். அவற்றை ‘டீல்பி’ வகை என்று இன்று அழைப்பர். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் டீல்பி என்னும் சிற்றூரில் 1807இல் அவ்வகைக் காசுகள் ஒரு பானை நிறையக் கிடைத்தன. அவற்றுள் 5,000க்கு மேற்பட்டவை இலண்டனுக்கு அனுப்பி உருக்கப்பட்டன என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. ஓர் ஆட்சியின் பணவரலாற்றையே கொப்பரையில் போட்டுக் காய்ச்சிவிட்டார்கள். எஞ்சிய சில நூறு காசுகளைக்கொண்டே அவ்வகைக்குப் பெயராவது வைக்க முடிந்தது.

புதிய காசுக்கெனப் பிரான்சு நாட்டுத் தூர் நகரிலிருந்து பிலிப் ஏமர் என்பவன் வரவழைக்கப்பட்டான். அவன் மேற்பார்வையில் பிறந்ததே ‘குறுஞ்சிலுவை’ப் பென்னி. முன்புறம் நம்மை நேரே நோக்கும் அரச முகமும் செங்கோலும். பின்புறம் இரட்டைக் கோடுகளாலான சிறு சிலுவை. அதன் நான்கு மூலைகளிலும் குறுக்குருவில் அமைந்த சிறு புள்ளிகள். அந்த இரட்டைக் கோடு வெறும் அழகுக்காக அன்று. அரைப் பென்னி வேண்டுமாயின் அக்கோட்டின் நடுவே கத்தரித்துக்கொள்ளலாம். கால் பென்னி வேண்டுமாயின் மீண்டும் ஒரு வெட்டு. சில்லறைக் காசு தனியே அடிக்காத காலத்தில் மக்கள் இவ்வாறுதான் சமாளித்தார்கள். வயல்களில் அரைவட்டமாகவும் கால்வட்டமாகவும் கிடைக்கும் துண்டுகள் உடைந்தவை அல்ல, உரிய முறையில் வெட்டப்பட்டவை. அறியாதார் அவற்றைக் குப்பையென்று வீசிவிடுவதுமுண்டு.

இந்தக் குறுஞ்சிலுவைக் காசு 1180 முதல் 1247 வரை 67 ஆண்டுகள் நாட்டில் ஓடியது. அக்காலத்தில் அரியணை ஏறியவர் ஒருவரல்லர். 1189இல் இரண்டாம் ஹென்றி இறந்தான். அவன் மகன் ரிச்சர்டு 1199 வரையிலும், அடுத்த மகன் ஜான் 1216 வரையிலும் ஆண்டனர். பிறகு ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி சிறுவனாக முடிசூடினான். ஆனால் காசிலோ தொடக்கமுதல் இறுதிவரை ஒரே பெயர்: ஹென்றி மன்னன். சிங்கநெஞ்சன் என்று பாட்டிலும் கதையிலும் புகழப்படும் ரிச்சர்டு தன் பெயரில் ஓர் ஆங்கிலக் காசுகூட அடிக்கவில்லை! பிரான்சில் தனக்குரிய நிலப்பகுதிகளில் மட்டும் அவன் பெயர் தாங்கிய காசுகள் உண்டு. ஜானும் அயர்லாந்தில் தன் பெயரையும் முகத்தையும் பொறித்தான். இங்கிலாந்தில் தந்தையின் பெயரையே விட்டுவைத்தான்.

ஏன் இப்படி? சோம்பலென்று சிலர் சொல்லுவர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு காசை வாங்குபவன் அதிலுள்ள மன்னனை வணங்குவதற்காக வாங்குவதில்லை. பழகிய முகம், பழகிய எழுத்து, மாறாத எடை ஆகியவற்றை நம்பி வாங்குகிறான். ஆங்கிலக் கம்பளியை வாங்க வந்த அயல்நாட்டு வணிகனுக்கு அந்த நம்பிக்கையே பெரிது. மேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாப் பகுதிச் சிற்றரசர் சிலர் இக்காசைப் பார்த்து அதே உருவில் தாமும் காசடித்துக்கொண்டார்கள் என்றால் அதன் மதிப்பை அறிந்துகொள்ளலாம். நன்றாக ஓடும் காசின் பெயரை மாற்றிப் பார்க்க எந்த நிதியமைச்சனும் அஞ்சுவான்.

ரிச்சர்டின் காலத்தில் இக்காசுக்கு வந்த வேலை கொஞ்சமன்று. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் அவன் வியன்னா அருகே பிடிபட்டான். அவனை விடுவிக்கக் கேட்ட மீட்புப்பணம் 1,50,000 மார்க் வெள்ளி. ஆங்கிலக் கணக்கில் ஒரு மார்க்குக்கு 160 பென்னி. அவ்வாறு கூட்டிப் பார்த்தால் 2 கோடியே 40 லட்சம் காசு! மக்களின் வருமானத்திலும் அசையும் பொருள்களிலும் நாலில் ஒரு பங்கு கேட்கப்பட்டது, கோயில்களின் பொன், வெள்ளிப் பாத்திரங்கள் எடுக்கப்பட்டன, கம்பளி பறிக்கப்பட்டது. 1,00,000 மார்க் செலுத்திய பிறகே 1194 பிப்ரவரியில் மன்னன் விடுதலையானான். பத்தாண்டு ஆட்சியில் இங்கிலாந்தில் அவன் தங்கிய காலம் ஆறு மாதமே. அவனுக்காகக் குடிகள் கொட்டிக் கொடுத்த காசில் அவன் பெயர் இல்லை என்பதை நினைத்தால் ஒருவகையில் நியாயமாகவே தோன்றுகிறது.

சுருளும் முத்தும்

பெயர் ஒன்றாகவே இருக்க, மன்னரை எவ்வாறு பிரிப்பது? 1863ஆம் ஆண்டில் லாங்ஸ்டாப் என்னும் வடநாட்டு வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைக்கொண்டு இக்கேள்வியை எழுப்பினார். அடுத்த ஆண்டே மண் துணைக்கு வந்தது. 1864 ஆகஸ்டில் மான்செஸ்டர் அருகே எக்கில்ஸ் என்னுமிடத்தில் 6,000க்கு மேற்பட்ட குறுஞ்சிலுவைக் காசுகள் ஒரே பானையில் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஜான் எவான்ஸ். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். காகித ஆலை நடத்தியவர். ஓய்வு நேரத்தில் கற்கருவிகளையும் காசுகளையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். கிரீட் தீவில் நோசஸ் அரண்மனையைத் தோண்டியெடுத்த ஆர்தர் எவான்ஸ் இவருடைய மைந்தரே.

1865இல் எவான்ஸ் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலின் முடிச்சை அவிழ்த்தது. அவர் முறை எளியது. எழுத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தார். முடியில் எத்தனை முத்து? காதோரம் எத்தனை சுருள்? தாடி கோட்டால் ஆனதா, புள்ளியால் ஆனதா? இவற்றைக்கொண்டு காசுகளை ஐந்து வகுப்பாக்கினார். பின்னால் வந்த லாரன்ஸ் என்னும் அறிஞர் அவற்றை எட்டாகப் பெருக்கினார். இன்றுவரை வழங்குவது அந்த எட்டு வகுப்பே. முதல் வகுப்பில் முடியில் ஐந்து முத்துகள் ஒழுங்காக நிற்கும். முகத்தில் களை உண்டு. இது மூத்த ஹென்றியின் காசு. வரவர அச்சுவெட்டுபவனின் கை தளர்ந்துகொண்டே போகிறது. நான்காம் வகுப்பில் தாடி வெறும் புள்ளிகளாகச் சிதறி, முகம் சிறுபிள்ளை கிறுக்கியது போலாகிவிடுகிறது. அது ரிச்சர்டின் பிற்காலமும் ஜானின் முற்காலமும். ஐந்தாம் வகுப்பில் திடீரென்று கை திருந்துகிறது: சுருள் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு புள்ளி பொதிந்திருக்கும், தொடக்கத்தில் ‘எஸ்’ எழுத்து மட்டும் வலமிடமாகத் திரும்பி நிற்கும். அந்தத் திரும்பிய எழுத்தைக் கண்டவுடனேயே இது ஜான் மன்னன் 1205இல் நடத்திய மறு அச்சடிப்பின் காசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வகுப்புக்கு வரிசை சரி. ஆண்டுக்குச் சான்று என்ன? அதற்குப் பின்புறத்தைத் திருப்ப வேண்டும். சிலுவையைச் சுற்றிக் காசடித்தவன் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘வில்லெல்ம் ஆன் லுண்டே’ என்றிருந்தால் இலண்டனில் வில்லியம் என்பவன் அடித்தது என்று பொருள். இவ்வழக்கம் நெடுநாளையது. காசில் கலப்படம் கண்டால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரியவேண்டுமல்லவா? முதலாம் ஹென்றி காலத்தில் 1124ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸை ஒட்டிக் காசடிப்போரையெல்லாம் வின்செஸ்டருக்கு அழைத்து வலக்கையை வெட்டிய செய்தி வரலாற்றில் உண்டு. பெயர் பொறித்தது பெருமைக்காக அன்று.

கொடுமையான அந்த ஏற்பாடு நமக்கு இன்று பேருதவியாகிறது. 1207இல் ஜான் மன்னன், காசடிப்போர் தம் அச்சுகளை முத்திரையிட்டு எடுத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டருக்கு வரவேண்டுமென்று ஆணை விடுத்தான். அவ்வாணையில் பதினாறு ஊர்களின் பெயர் இருக்கிறது. அவற்றுள் ஒன்று லின் என்னும் கிழக்குக் கரைத் துறைமுகம். அவ்வூரில் குறுஞ்சிலுவைக் காசு அடிக்கப்பட்டது ஜான் காலத்தில் மட்டுமே. ஆகவே ஒரு காசில் ‘லின்’ என்றிருந்தால் முன்புறத்தில் எந்த ஹென்றியின் பெயர் இருந்தாலென்ன, அது ஜானின் காசு. இவ்வாறு ஊரும் ஆளும் ஆவணமும் சேர்ந்து முகத்தின் வரிசையை ஆண்டுகளோடு முடிச்சுப் போட்டன. 1902இல் கோல்செஸ்டரில் 10,000க்கு மேற்பட்ட காசுகளும், 1969இல் அதே ஊரில் 14,000க்கு மேற்பட்ட காசுகளும் கிடைத்து எவான்ஸ் வகுத்த பாதையை உறுதிப்படுத்தின.

குழப்பத்தை மூன்றாம் ஹென்றியே உணர்ந்திருக்கவேண்டும். 1247இல் அவன் புதுக் காசு தொடங்கியபோது சிறிது காலத்துள் தன் பெயருக்குப் பின்னால் ‘மூன்றாம்’ என்று சேர்த்துப் பொறிக்கச் செய்தான். அந்த ஒரு சொல் முன்பே இருந்திருந்தால் அறிஞர் நூறாண்டு அலைந்திருக்க வேண்டா.

வெட்டுண்ட ஓரம்

காசு கையில் வந்ததும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 240 காசுக்கு ஒரு கோபுரப் பவுண்டு என்ற கணக்கில் ஒரு பென்னி ஏறத்தாழ 1.46 கிராம் இருக்க வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி. வயலில் கிடைப்பவை பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே நிற்கும். தேய்மானம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கத்தரிக்கோல். ஓரத்தை மெல்ல நறுக்கி, நறுக்கிய துகளைச் சேர்த்து உருக்கி விற்பது அக்காலத்தின் பெருங்களவு. 1247இல் சிலுவையின் கைகளை விளிம்பு வரை நீட்டியது இதைத் தடுக்கவே; நான்கு முனையும் தெரியாத காசு செல்லாது என்றார்கள்.

அப்பொழுதும் களவு நிற்கவில்லை. முதலாம் எட்வர்டு மன்னன் பழியை யூதர்மேல் சுமத்தினான். 1278 நவம்பரில் நாடெங்கும் யூதர்கள் ஒரே நாளில் பிடித்து அடைக்கப்பட்டார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இலண்டனில் தூக்கிலிடப்பட்டனர். அதே குற்றஞ்சாட்டப்பட்ட கிறிஸ்தவர்களில் மிகப் பலர் அபராதம் கட்டி உயிர் தப்பினர். 1279இல் புதுக்காசு வந்தது. அரைக் காசும் கால் காசும் வட்டமாகவே அடிக்கப்பட்டன. 1290இல் யூதர் அனைவரும் நாட்டை விட்டே துரத்தப்பட்டார்கள். நறுக்குண்ட ஒரு நீள்சிலுவைக் காசைத் தராசில் வைக்கும் பொழுது இதுவும் அத்தட்டில் ஏறுகிறது.

விலை என்ன?

கண்டெடுத்தவர் கேட்கும் இரண்டாவது கேள்வி இதுவே. அதில் தவறொன்றும் இல்லை. வெள்ளியின் எடைக்கு மட்டும் விலை வைத்தால் இன்றைய நிலையில் சில வெள்ளிதான் தேறும். அடித்த காலத்திலோ அது ஒரு கூலியாளின் ஒரு நாள் உழைப்பு. இன்றைய காசு அங்காடியில் இலண்டன், கேன்டர்பரி நகரங்களில் அடித்த குறுஞ்சிலுவைப் பென்னி சில பத்துப் பவுண்களுக்கு வாங்கக் கிடைக்கும். ஏனெனில் அவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. எண்ணூறு ஆண்டுப் பழமை என்பதனாலேயே விலை ஏறிவிடாது. இதைக் கேட்டுப் பலர் முகம் வாடுவதுண்டு. விலையை ஏற்றுவது ஊரின் அருமை, காசடித்தவனின் அருமை, முகம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்பது, ஓரம் முழுமையாக உள்ளதா என்பது. விலையை இறக்குவது மடிப்பு, விரிசல், கலப்பையின் கீறல், அவற்றையெல்லாம்விடக் கேடாகத் துலக்குதல். மண்ணில் கிடந்த வெள்ளிக்குக் கருத்த ஒரு தோல் படியும். அதைச் சாம்பலும் புளியும் போட்டுக் குத்துவிளக்கு துலக்குவது போலத் துலக்கினால் எழுத்தும் போகும், சுருளும் போகும், விலையும் போகும். நல்ல நீரில் மெல்லக் கழுவி உலரவைப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

அங்காடி விலைக்கு அப்பால் வேறொரு மதிப்பு உண்டு: அது எந்த வயலின் எந்த மூலையில் கிடந்தது என்பது. ஒரு தனிக் காசு கண்காட்சிப் பெட்டியில் உறங்கும். இடம் குறித்த நூறு காசு, அவ்விடத்தில் ஒரு சந்தை கூடியதென்றோ, ஒரு பாதை ஓடியதென்றோ, பின்னால் அழிந்துபோன ஓர் ஊர் இருந்ததென்றோ சான்று கூறும். இதற்காகவே 1997 முதல் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையின் துணையோடு ஒரு பதிவுத் திட்டம் நடக்கிறது. கண்டெடுத்தவர் கொண்டுவந்து காட்டினால் அலுவலர் அதை அளந்து, நிறுத்து, படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியிருக்கின்றன. கொடுத்த பொருள் திரும்பி வராது என்ற அச்சம் மக்களுக்கு நீங்கியதே அதன் வெற்றிக்குக் காரணம்.

சட்டமும் இதற்கு இசைவாக அமைந்தது. பழைய நாளில் புதையல் அரசனைச் சேரவேண்டுமாயின், புதைத்தவன் திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தானா என்று ஆராயவேண்டும். செத்து ஆயிரம் ஆண்டான ஒருவன் மனத்தில் நினைத்ததை நடுவர் தீர்மானிப்பது வேடிக்கையல்லவா? 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் அதை ஒழித்தது. தனியே கிடைத்த ஒற்றைக் காசு பொதுவாகப் புதையலாகாது. 300 ஆண்டுக்கு மேற்பட்டனவாய், நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் பொன் அல்லது வெள்ளி உடையனவாய் இரண்டு காசு ஒரே இடத்தில் கிடைத்தால் அது புதையல். 14 நாளைக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அரும்பொருட்சாலை விரும்பினால் நடுநிலைக் குழு ஒன்று அங்காடி விலையை மதிப்பிடும். அத்தொகை பெரும்பாலும் கண்டவருக்குப் பாதி, நிலத்துக்குரியவருக்குப் பாதி எனப் போகும். 2019இல் சோமர்செட்டில் செவ் பள்ளத்தாக்கில் எழுவர் கண்ட 2,500க்கு மேற்பட்ட நார்மன் படையெடுப்புக் காலத்துப் பென்னிகள் 43 லட்சம் பவுண் பெற்றன. நேர்மை வறுமை தரும் என்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மறைக்கப்பட்ட மன்னன்

கவனியாத இருவரும் இருந்தனர். 2015 ஜூன் மாதம் ஹெரிபோர்டுஷயர் மாவட்டத்தில் லெம்ஸ்டர் அருகே ஐ என்னும் சிற்றூர் வயலில், நிலத்துக்குரியவரின் இசைவு பெறாமல் கருவியோடு நுழைந்த அவ்விருவர் ஒரு பெரும்புதையலைக் கண்டனர். பொன் மோதிரம், பொன் கடகம், பொன்னிற் பதித்த பளிங்குப் பதக்கம், வெள்ளிக் கட்டி, இவற்றோடு ஏறத்தாழ 300 வெள்ளிப் பென்னி இருந்திருக்கும் என்று பின்னால் கணித்தார்கள். அவர்கள் அறிவித்தது சிலவற்றைத்தான். காசுகளைப் பிரித்து வணிகரிடம் தள்ளினார்கள். கைப்பேசியில் எடுத்த படங்களை அழித்தும் விட்டார்கள். காவல்துறையினர் அப்படங்களை மீட்டபோது, பறித்த குழியிலேயே காசுகள் குவிந்து கிடக்கும் காட்சி வெளிப்பட்டது. 2019இல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. மீட்கப்பட்ட காசு 31.

அந்தக் காசுகள் என்ன காசுகள் என்று தெரிந்தால்தான் இழப்பின் அளவு விளங்கும். அவை குறுஞ்சிலுவைக்கு முந்நூறு ஆண்டு முற்பட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங் படைகள் இங்கிலாந்தைச் சூறையாடின. 874இல் நடுநாடான மெர்சியாவின் மன்னன் ஓடிப்போக, அவ்விடத்தில் அமர்ந்தவன் இரண்டாம் சியோல்வுல்ப். தெற்கே வெசெக்ஸில் ஆண்டவன் புகழ்பெற்ற ஆல்பிரடு. இவ்விருவரைப்பற்றி நமக்குச் சொல்லும் பழைய ஆண்டுக்குறிப்பு ஆல்பிரடின் சூழலில் 890களில் தொகுக்கப்பட்டது. அது சியோல்வுல்பை ‘அறிவற்ற அரச ஊழியன்’ என்றும், வைக்கிங்குகளின் கைப்பொம்மை என்றும் தள்ளிவிட்டது. ஆயிரம் ஆண்டு வரலாற்று நூல்கள் அதையே திருப்பிச் சொல்லின.

காசு வேறு சொல்லுகிறது. உரோமானியப் பொற்காசு ஒன்றைப் பார்த்து வரைந்த உருவம் அதில் இருக்கிறது: பேரரசர் இருவர் அருகருகே வீற்றிருக்க, மேலே சிறகு விரித்த வெற்றித் தெய்வம். ‘இரு பேரரசர்’ வகை என்பர். 2015க்கு முன் இவ்வகையில் உலகறிந்த காசுகள் இரண்டே இரண்டு. ஒன்று ஆல்பிரடின் பெயரில், மற்றொன்று சியோல்வுல்பின் பெயரில். இரண்டைக்கொண்டு எதை நிறுவுவது? ஏதோ ஒரு விழாவுக்கு அடித்ததாயிருக்கலாம் என்று ஒதுக்கிவிடலாம். அதே 2015 அக்டோபரில் ஆக்ஸ்போர்டுஷயரில் வாட்லிங்டன் அருகே மற்றொருவர் ஒரு புதையலைக் கண்டார். அவர் நேர்மையாளர். முறைப்படி தெரிவித்தார், மண்ணோடு மண்ணாகக் கட்டியாகவே பெயர்த்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் பிரித்தார்கள். 186 காசுகளில் 13 ‘இரு பேரரசர்’ வகை. 2017இல் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அரும்பொருட்சாலை அதனை 13 லட்சத்து 50 ஆயிரம் பவுண்களுக்குப் பெற்றது. ஹெரிபோர்டுஷயரில் மீட்ட சிலவற்றிலும் அவ்வகை இருந்தது.

இப்பொழுது வேறு வரலாறு எழுதவேண்டியதாகிறது. இருவர் பெயரிலும் ஒரே உருவம்; அதன் பின் வந்த ‘சிலுவையும் சாய்சதுரமும்’ வகையும் இருவருக்கும் பொது; இரண்டிலும் வெள்ளி, முந்தைய கலப்படக் காசுகளைவிட மிகத் தூயது. இருநாட்டு மன்னர் கூடிப் பேசிக் காசைச் சீர்திருத்தினாலன்றி இது நடவாது. அதுவும் ஒரு நாள் கூத்தாக அன்று, சில ஆண்டு தொடர்ந்து நடந்திருக்க வேண்டும். இவ்வுடன்பாட்டை அறிஞர் சிலர் 1990களிலேயே ஊகித்திருந்தனர். புதையல்கள் அதற்கு எலும்பும் தசையும் தந்தன. 879ஐ ஒட்டிச் சியோல்வுல்ப் மறைகிறான். மெர்சியா ஆல்பிரடின் மேலாண்மைக்குள் வருகிறது. தோழனாயிருந்தவனை நினைவூட்டுவது பின்னால் சங்கடமாயிருந்திருக்கும். ஏட்டை எழுதியவர் ஆல்பிரடின் ஆட்கள். காசின் மேல் மட்டும் அவர்கள் கை எட்டவில்லை.

எத்தனைக்கு எத்தனை கலந்திருந்தன, எந்த வகை மிகுதி, எது மிகப் புதியது என்று ஒரு புதையல் முழுமையாயிருந்தால் சொல்லிவிடும். ஐ என்ற அச்சிற்றூரின் புதையலால் அதைச் சொல்ல முடியவில்லை. 2023இல் அதே புதையலைச் சேர்ந்தவை என்று கருதப்பட்ட 44 காசுகளை அயல்நாட்டாருக்கு விற்க முயன்ற வேறிருவர் டர்ஹாம் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். 31உம் 44உம் சேர்ந்தால் 75. மற்ற இருநூற்றுச் சொச்சம் காசுகள் யாருடைய இழுப்பறையிலோ கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் சியோல்வுல்பின் பெயர் இருக்கும்.